அணையக் கூடாது, வளைய வேணும்

நெஞ்சைப் பிளந்து தைச்ச மனுசனுக்குக் காத்துப் படக்கூடாதாம். ஆர் சொன்னது எண்டு கேளுங்கோ, ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் கொழும்பிலை இருந்து நான் வந்திறங்கின அண்டைக்கு எங்கடை வீட்டு யன்னல் எல்லாத்தையும் இறுக்கிச் சாத்தி, கதவு இடுக்குக்குள்ளை பழைய சீலைத் துண்டை அடைஞ்சு, என்னை நடு அறைக் கட்டிலிலை கொண்டுபோய்ப் போட்டினம். வெளியிலை கடல் இரையிற சத்தம் கேக்குது. பிறந்த நாள் துவக்கம் கடல்காத்துக் குடிச்சு வளந்தவனுக்கு, சொந்த வீட்டுக்குள்ளை காத்துத் தடை.

பண்டத்தரிப்புக்கு வடக்கை, கடலோரம் எங்கடை ஊர். அப்பரும் வள்ளக்காரர், நானும் வள்ளக்காரன். எழுபதுகளின்ரை முற்பாதி அது, பாணுக்கு விடியமுதல் வரிசையிலை நிண்ட காலம். இருமேக்கை ரத்தம் வந்தது. சுருட்டுக் குடிச்ச சூட்டாலை வந்ததாக்கும் எண்டு பேசாமல் விட்டிட்டன். பிறகு யாழ்ப்பாணத்திலை நெஞ்சைப் படம் பிடிச்சுப் பாத்திட்டுக் கொழும்புக்கு அனுப்பிச்சினம். அங்கை இடப்பக்க விலாவைத் திறந்து நுரையீரலிலை கீழ்ப் பாதியை வெட்டி எடுத்தாங்கள். எனக்குச் சொன்னது சளிக்கட்டி எண்டு. என்ரை மனுசிக்கும் அவவின்ரை அண்ணருக்கும் சொன்னது புற்றுநோய் எண்டு. ஊரிலை அரைவாசிப் பேருக்கு விசயம் தெரியும், கட்டிலிலை கிடக்கிறவனுக்கு மட்டும் தெரியாது. எங்கடை ஆக்களின்ரை வழக்கம் அது. வருத்தத்தின்ரை பேரைச் சொன்னால் வருத்தக்காரன் பயத்திலையே போயிடுவான் எண்டு வீடு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு திரியும். நல்ல எண்ணந்தான், நான் இல்லையெண்டேல்லை. அந்த நல்ல எண்ணத்தாலையே என்னைக் கொல்லப் பாத்தினம்.

"அசையாதேங்கோ, தையல் விட்டிடும்." "இருமாதேங்கோ, அடக்குங்கோ." "கையைத் தூக்காதேங்கோ." சோத்தைக் கரைச்சு ஊட்டி, முதுகுக்குத் தலையணை அடுக்கி, பிள்ளை பெத்தவளைப் பாக்கிற மாதிரிப் பாத்தினம். பாக்க வந்த சொந்தக்காரர் வாசலிலையே கண்ணைத் துடைச்சுப் போட்டு, சிரிச்சுக்கொண்டு உள்ளை வருவினம். இருமலை அடக்கி அடக்கிச் சளி உள்ளுக்கையே கட்டினது. காய்ச்சல் பிடிச்சது. இடக்கை தோளோடை இறுகி, சேட்டுக்குள்ளை கை நுழையாது. கட்டிலாலை எழும்பி முத்தத்துக்குப் போனாலே மூச்சு வாங்கும். கடைசியிலை வாடகைக் காரிலை ஏத்தி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சினம்.

டொக்டர் குழலை வைச்சுக் கேட்டார். திரும்பவும் கேட்டார். பிறகு என்ரை முகத்தைப் பாத்தே சொன்னார்.

"வெட்டினது போக மிச்சமிருக்கிறதும் சுருங்கிக்கொண்டு வருது. ஊதி, இருமி, நடந்து அதை விரிய வைக்காட்டில் அடுத்த மாரியை நீங்கள் காணமாட்டியள்."

அந்த மனுசனுக்கு நான் இண்டைக்கும் நன்றி சொல்லுவன். வீடு திரும்பினதிலை இருந்து என்னட்டை நேராய்க் கதைச்ச முதல் ஆள் அவர்.

தேகப்பியாச அறைக்குக் கிழமையிலை ஒருநாள் வரவேணும், மற்ற நாளிலை வீட்டிலை செய்யவேணும் எண்டு ஏற்பாடு. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் ஒரு நீட்டு அறை. ரெண்டு வாங்கு, சுவரிலை அடியிலை இருந்து மேலை வரைக்கும் கரிக்கோடு, மேசையிலை ரெண்டு பெரிய போத்தல். அந்த அறைக்கு அரசி ஒரு மிஸி, அப்பியாசம் சொல்லித் தாற தாதி. கண்ணாடி போட்ட சின்னப் பெட்டை, வாய் எண்டால் கத்தி.

"உங்களை ஆர் ஐயா படுத்துக் கிடக்கச் சொன்னது?"

"வீட்டுக்காரர்."

"அப்ப மூச்சையும் வீட்டுக்காரரே விடட்டும். நீங்கள் என்னத்துக்கு இஞ்சை வந்தனீங்கள்?"

எனக்கு வந்துதே ஒரு கொதி! என்ரை மனுசி பின்னாலை நிண்டு சேட்டைப் பிடிச்சு இழுத்திராட்டில் அண்டைக்கே எழும்பிப் போயிருப்பன். கடல் கொந்தளிக்கேக்கை வள்ளத்தைத் திருப்பிக் கரைக்குக் கொண்டந்த கை. அந்தக் கையின்ரை விரலாலை சுவரிலை பல்லி மாதிரி ஊர்ந்து ஏறட்டாம். ஒரு கோடு, அடுத்த கோடு. தோள் நெருப்பாய் எரியுது. பிறகு போத்தல். ஒரு போத்தலிலை சிவப்புத் தண்ணி, மற்றது வெறும் போத்தல், ரெண்டுக்கும் நடுவிலை றப்பர்க் குழாய். வாயாலை ஊதித் தண்ணியை மற்றப் போத்தலுக்கு அனுப்ப வேணும். நான் ஊதினன். தண்ணி குழாயிலை கொஞ்சம் ஏறி, திரும்பி வந்து இருந்திட்டுது.

அப்ப வாங்கிலை இருந்து ஒரு சத்தம்.

"தம்பி, உது ஊதலோ கொட்டாவியோ?"

திரும்பிப் பாத்தன். என்னைவிடக் கொஞ்சம் மூத்த மனுசன். கறுத்த, அகண்ட நெஞ்சு. சேட்டைக் கழட்டித் தோளிலை போட்டிருந்தார். கழுத்திலை ஒரு மாதா சுரூபம். முதுகாலை வளைஞ்சு நெஞ்சுக்கு வந்த காயம், என்ரை காயத்தை அச்சிலை வாத்த மாதிரி, ஆனால் வலப்பக்கம். குருநகர் ஆள். சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுறவர்.

"உங்களுக்கு ஏலுமெண்டால் ஊதிக் காட்டுங்கோ பாப்பம்" எண்டன்.

வந்தார். குனிஞ்சார். நெஞ்சு நிறைய இழுத்து ஒரே ஊதல். சிவப்புத் தண்ணி கடகடவெண்டு அங்காலை போய் விழுந்தது. கடலுக்கடியிலை மூச்சை அடக்கிப் பழகின நெஞ்சு, ஒரு பக்கத்தை முழுதாய் வெட்டி எடுத்த பிறகும் அந்த ஊதல் ஊதுது.

"உமக்கு என்னவாம்?" எண்டு கேட்டார்.

"சளிக்கட்டி. உங்களுக்கு?"

அவர் என்ரை தலைக்கு மேலாலை எனக்குப் பின்னாலை ஒருக்காப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார்.

"எனக்கும் அந்தக் கட்டிதான்" எண்டார்.

அதோடை துவங்கினது போட்டி. மிஸிக்கு அது வசதியாய்ப் போச்சு. என்னை வெருட்டத் தேவையில்லை, அவரை எனக்குப் பக்கத்திலை விட்டாக் காணும். அறையிலை ஊதி முடிய ரெண்டு பேரும் பண்ணைப் பாலத்துப் பக்கம் நடக்க வேணும். களைச்சால் லைற் போஸ்ற்றிலை பிடிச்சுக்கொண்டு நிண்டு, மூக்காலை இழுத்து வாயாலை மெல்ல விட்டு, பிறகு நடக்க வேணும். நான் ஒவ்வொரு போஸ்ற்றிலையும் நிப்பன். அவர் அடுத்த போஸ்ற்றிலை போய்ச் சாய்ஞ்சுகொண்டு, "வள்ளத்தைத் தள்ளிவிட ஆள் அனுப்பவோ?" எண்டு கத்துவார். றோட்டாலை போறவை திரும்பிப் பாப்பினம். பல்லைக் கடிச்சுக்கொண்டு நடப்பன். அண்ணை எண்டுதான் கூப்பிடுவன், ஆனால் மனசுக்குள்ளை கூப்பிட்ட பேர் வேறை.

ரெண்டாந்தரம் தேகப்பியாசத்துக்குப் போன அண்டைக்குத்தான் மெழுகுதிரிப் பிரச்சினை வந்தது. வீட்டிலை செய்ய மிஸி ஒரு அப்பியாசம் சொல்லித் தந்தவ. மெழுகுதிரியைக் கொளுத்தி முழத் தூரத்திலை வைச்சு, உதட்டைக் குவிச்சு, நீளமாய் ஊத வேணும். "சுடர் வளைய வேணும், அணையக் கூடாது. வளைச்சு வைச்சிருக்க வேணும்" எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னவ. என்ரை மண்டைக்குள்ளை ஏறினது ஊதுறது மட்டுந்தான். பொழுதுபடச் சாமி படத்துக்கு முன்னாலை மனுசி விளக்கு வைச்சிட்டு நிக்கிறா. நான் பக்கத்து மேசையிலை மெழுகுதிரியைக் கொளுத்தி வைச்சு, இருக்கிற பலமெல்லாம் சேத்து ஒரு ஊது. திரி அணைஞ்சு நூந்து போச்சு. எனக்கெண்டால் சந்தோசத்திலை பெரிய புளுகம்.

"பாத்தியே!" எண்டன்.

"ஐயோ முருகா! விளக்கு வைச்ச நேரத்திலை வாயாலை ஊதி நூர்க்கிறியளே! உங்களுக்கென்ன விசரே?"

அவ நிலத்திலை குந்தியிருந்து அழுதா. எங்கடை வீடுகளிலை விளக்கை வாயாலை ஊதி நூர்க்கிறேல்லை. பூவாலை, இல்லாட்டில் விரலாலை. வாயாலை ஊதினால் அந்த வீட்டிலை ஒரு உயிர் அணையும் எண்டு சின்னனிலை இருந்து சொல்லி வளத்தது. ஒரு சளிக்கட்டிக்காரன்ரை ஊதலுக்கு இவ ஏன் இப்பிடிக் குழறுறா எண்டு எனக்கு அண்டைக்கு விளங்கேல்லை. மெழுகுதிரிப் பெட்டி அடுத்த நாள் வீட்டிலை இல்லை.

அடுத்த கிழமை அவருக்குக் கதையைச் சொல்ல, மனுசன் சிரிச்சுச் சிரிச்சு இருமத் துவங்கிட்டார். தலையணையைக் காயத்திலை அமத்திப் பிடிச்சுக்கொண்டு இருமினார், கண்ணாலை தண்ணி ஓடுது. அதுக்கு அடுத்த கிழமை, பனையோலை உமல் ஒண்டிலை கட்டை மெழுகுதிரியள் கொண்டந்தார். அவையின்ரை மாதா கோயிலிலை எரிஞ்சு மிஞ்சினது. உமலை என்ரை மனுசியிட்டை நீட்டினார்.

"தங்கச்சி, இது வேதக்காரற்றை திரி. உங்கடை வீட்டுச் சட்டம் இதுக்குச் செல்லாது. வேலிக்கு அங்காலை வைச்சு ஊதட்டும். பழி வந்தால் எங்கடை பக்கம் வரட்டும்."

மனுசி வாங்கினா. சீலைத் தலைப்பாலை மூடிக்கொண்டா.

அப்பிடித்தான் நான் என்ரை வள்ளத்துக்குள்ளை இருந்து மெழுகுதிரி ஊதினன். கரையிலை ஏத்தி விட்டிருந்த வள்ளம். பலகைக்கு நடுவிலை திரியை ஒட்டினால் காத்து அண்டாது. முதல் நாளையிலை ஒவ்வொரு ஊதலுக்கும் நூந்து போகும், இல்லாட்டில் அசையாமல் நிண்டு என்னைப் பாத்துச் சிரிக்கும். பலத்தை அடக்கி, கொஞ்சம் கொஞ்சமாய் விடுறது எண்டது எனக்குப் பழக்கமில்லாத வேலை. நான் கோவக்காரன், எதையும் ஒரேயடியாய்ச் செய்து முடிக்க வேணும். நெருப்புக்குச்சியைத் தட்டித் தட்டி, தூஷணத்தாலை ஏசி ஏசி ஊதினன். ஒருநாள் சுடர் சரிஞ்சு, சரிஞ்சபடியே நிண்டது. வள்ளத்துக்குள்ளை தனிய இருந்து கத்திப்போட்டன். அந்தக் கத்தலுக்குக் கூட மூச்சுக் காணுமாய் இருந்தது.

கை சுவரிலை மேலை மேலை ஏறினது. சேட்டை நானே போட்டன். சிவப்புத் தண்ணி அங்காலை போய் விழுந்தது. நடையிலை நான் அவரைப் பிடிச்சன், ஒருநாள் முந்தினன். அடுத்த போஸ்ற்றிலை போய்ச் சாய்ஞ்சுகொண்டு, அவர் கத்தினதை அவருக்கே திருப்பிக் கத்தினன்.

"என்ன அண்ணை, ஆள் அனுப்பவோ?"

"வெயிலடா தம்பி" எண்டார்.

மற்றக் கிழமையும் வெயில். மழை பெய்த கிழமை ஈரம். அவற்றை சேட்டு உடம்பிலை தொங்கத் துவங்கினது. போத்தலிலை அவர் ஊதினால் தண்ணி அரைவாசிக்கு ஏறி நிக்கும். "இண்டைக்கு உமக்காக விட்டுக் குடுக்கிறன்" எண்டுவார். மிஸி என்னை வெருட்டுற மாதிரி அவரை வெருட்டுறேல்லை. கதிரை எடுத்துப் போட்டு, "இருங்கோ ஐயா" எண்டுவா. எனக்கு எரிச்சல். எனக்கு மட்டும் கத்தி, அவருக்குக் கதிரையோ எண்டு கேட்டும் போட்டன். அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா.

ஒருநாள் நான் சொன்னன், இனி நான் வரமாட்டன் எண்டு. வாடைக்காத்து ஓயட்டும், வள்ளத்தைத் தள்ளப்போறன், இந்தப் போத்தல் விளையாட்டுக் காணும். "உங்களையே வெண்டாச்சு, பிறகென்ன?" எண்டன்.

அவர் வாங்கிலை இருந்தபடி என்னை ஏற இறங்கப் பாத்தார். மூச்சு எடுக்கிறதுக்கு நேரம் எடுத்தது. பிறகு தொடங்கினார்.

"ஆரை வெண்டனீர்? சுழியோடியை வள்ளக்காரன் ஊதி வெண்டான் எண்டு குருநகரிலை போய்ச் சொல்லும், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். படி ஏறி இறங்கேக்கை இப்பவும் உமக்கு இளைக்குது. உந்த நெஞ்சோடை வலை இழுக்கப் போறாராம், வலை இவரை இழுக்கும். பயந்தாங்கொள்ளி, ஓடும். ஓடும் பாப்பம்."

கொதி தலைக்கேறினது. அடுத்த கிழமை பாத்துக் கொள்ளுவம் எண்டு போட்டு வந்தன். அந்தக் கிழமை முழுக்க விடியலிலை மணலிலை நடந்தன், பின்னேரம் வள்ளத்துக்குள்ளை இருந்து ஊதினன். அவற்றை வாயை அடைக்க வேணும், வேறை நினைப்பில்லை.

அடுத்த கிழமை அவர் வரேல்லை.

"எங்கை உங்கடை செல்ல வருத்தக்காரர்?" எண்டு மிஸியிட்டைக் கேட்டன்.

அவ போத்தலைக் கழுவிக்கொண்டு நிண்டா. "அவர் இனி வரமாட்டார். அவரை நான் வரவேண்டாம் எண்டு எப்பவோ சொல்லிட்டன். தேகப்பியாசத்தாலை அவருக்கு இனி ஒரு பலனும் இல்லை. கேட்டால்தானே? மருமகன்ரை சைக்கிள் பாரிலை இருந்து வருவார். வாசலிலை இறங்கி, நீங்கள் காணமுதல் மூச்சைச் சரிக்கட்டிக்கொண்டு உள்ளை வருவார்."

எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. குருநகருக்கு நடந்தன். இடையிலை ஒரு போஸ்ற்றிலையும் நிக்கேல்லை எண்டது, அவற்றை வாசலிலை செருப்பைக் கழட்டேக்கைதான் தெரிஞ்சது.

வீட்டுக்குள்ளை சனம் முழங்காலிலை நிண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தினம். அவர் கட்டிலிலை, தலையணையளிலை சாத்தி வைச்சபடி. அந்த அகண்ட நெஞ்சு எங்கை போச்சோ. நெத்தியிலை எண்ணெய் மினுங்குது. கையிலை ஒரு மெழுகுதிரி எரியுது, அவருக்குப் பிடிக்கப் பலமில்லை எண்டு அவற்றை மனுசி கையைச் சேத்துப் பிடிச்சிருந்தா. சுவாமியார் அப்பதான் அவஸ்தை பூசிட்டுப் போனவராம். சாகப்போற ஆளுக்கு வேதக்காரர் செய்யிற கடைசிச் சடங்கு அது. எனக்கும் அது தெரியும்.

"சளிக்கட்டிக்கு ஏன் அக்கா அவஸ்தை?" எண்டு கேட்டன்.

"சளிக்கட்டியோ? இவருக்குப் புற்றுநோய் தம்பி. கொழும்பிலையே சொல்லிப் போட்டினம், மற்றப் பக்கத்துக்கும் பரவீட்டுது எண்டு. எங்கடை ஆக்களுக்கு அதை மறைக்கேலாது. போகப்போறது தெரிஞ்சால்தானே பாவசங்கீர்த்தனம் செய்யலாம்."

என்ரை கை தன்ரை பாட்டிலை என்ரை காயத்துக்குப் போனது. அதே ஆஸ்பத்திரி, அதே வெட்டு. எனக்கும் அந்தக் கட்டிதான் எண்டு அவரே சொன்னவர். சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அந்த அக்கா என்ரை முகத்தைப் பாத்தா. வாயாலை என்ன விழுந்தது எண்டது அப்பதான் அவவுக்கு உறைச்சது.

"ஐயோ, உங்களுக்கு இன்னும் சொல்லேல்லையோ... முதல் நாளே உங்கடை மனுசி உங்களுக்குப் பின்னாலை நிண்டு கை எடுத்துக் கும்பிட்டவவாம், சொல்லிப்போடாதேங்கோ எண்டு."

"அப்ப இவர் என்னத்துக்கு வந்தவர்? பலனில்லை எண்டு தெரிஞ்சும் என்னத்துக்கு வந்து ஊதினவர்?"

"நானும் அதைத்தான் கேட்டு அழுதனான். வீட்டிலை கிடவுங்கோவன் எண்டன். அந்த வடக்குக் கரையான் ஒரு கொதியன், நக்கலடிக்க ஆளில்லாட்டில் ஊதமாட்டான், அவனுக்கெண்டாலும் நெஞ்சிலை மிச்சமிருக்கு எண்டார்."

எனக்கு அழுகையும் கோவமும் ஒண்டாய் வந்தது. ஊர் முழுக்கச் சேந்து என்னை விசரனாக்கினது போதாதெண்டு, சாகக் கிடந்த மனுசனும் சேந்து ஆக்கியிருக்கிறார். நான் போஸ்ற்றிலை சாய்ஞ்சுகொண்டு கத்தினது எல்லாம் காதுக்குள்ளை கேட்டது. அவற்றை நெஞ்சை இறுக்கிக் கட்டிப் பிடிக்க வேணும் போலையும் இருந்தது, நல்லாய் ஏச வேணும் போலையும் இருந்தது. கட்டிலடியிலை போய் இருந்தன்.

"ஏன் அண்ணை இந்த வேலை பாத்தனீங்கள்?"

கண்ணைத் திறந்தார். என்னை ஆரெண்டு மட்டுக்கட்டினார். பிறகு கையிலை இருந்த திரியைப் பாத்து உதட்டைக் குவிச்சார். சுடர் அசையேல்லை. திரும்பவும் குவிச்சார். அசையேல்லை. பிறகு என்னைப் பாத்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போத்தலுக்கு முன்னாலை, தான் ஊதி முடிய, இனி உம்மடை முறை எண்டு பாக்கிற பார்வை.

குனிஞ்சு ஊதினன்.

"ஐயோ, நூரப்போகுது!" எண்டு ஆரோ கத்திச்சினம். செபம் நிண்டது. "ஊத விடுங்கோ" எண்டா அவற்றை மனுசி. சுடர் வளைஞ்சது, வளைஞ்சபடி நிண்டது. எனக்குள்ளை இருந்த கடைசி மூச்சு வரைக்கும் அதை வளைச்சு வைச்சிருந்தன், நூர விடேல்லை. அவற்றை வாய்க்கடை இழுபட்டது. உதடு அசைஞ்சது. உது ஊதல் எண்டாரோ, வேறை என்ன சொன்னாரோ, சத்தியமாய் எனக்குத் தெரியாது.

பஸ்ஸாலை இறங்கி வீட்டுக்கு வரப் பொழுது பட்டிட்டுது. மனுசி சாமி படத்துக்கு விளக்கு வைச்சுக்கொண்டு நிண்டா. என்ரை முகத்தைப் பாத்து நெருப்புக்குச்சியோடை அப்பிடியே நிண்டா.

"புற்றுநோய்தானே?" எண்டன்.

குச்சி விரலைச் சுட, விளக்கைக் கொளுத்திப்போட்டுத் திரும்பினா.

"ஓம்" எண்டா. பிறகு, "அந்த அண்ணை?"

"விடியுமட்டும் தாங்கமாட்டார்."

அவ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா. நானும் அழுதன். கொஞ்சத்தாலை மூக்கைச் சீறிக்கொண்டு எழும்பிக் குசினிக்குள்ளை போனா. வரேக்கை கையிலை அந்த உமல். அதுக்குள்ளை இருந்து ஒரு கட்டைத் திரியை எடுத்தா. சாமி விளக்கிலை கொளுத்தி, விளக்குக்குப் பக்கத்திலையே ஒட்டி வைச்சா.

"இஞ்சையோ?" எண்டன்.

"ஓம், இஞ்சைதான். இருந்து ஊதுங்கோ" எண்டா.